வேளாங்கண்ணிக்குப் போகாத ரயில்

இனி ஏறாது என்று சந்தனமரியாளுக்குத் தோன்றிய பிறகும் வண்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவில் கொஞ்சம் சும்மா இருக்கும். அந்தச் சும்மாவில் அவள் மூச்சை நிறுத்திக்கொள்வாள். அப்புறம் முன்னால் எஞ்சின் செருமும், பெட்டி ஒரு தரம் குலுங்கும், மரப்பெஞ்சின் சாய்வுப்பலகை முதுகெலும்பில் இடிக்கும், ஜன்னலுக்கு வெளியே பாசி பிடித்துப் பச்சையாக நின்ற பாறை மெல்லப் பின்னால் போகும். போய்விட்டது. இனி அடுத்தது. தடித்த துணியை நாலு மடிப்பாக மடித்துத் தையல் மிஷினில் கொடுத்தால் ஊசி இப்படித்தான் திணறும். அப்போது மிதியை நம்பிப் பிரயோஜனம் இல்லை, வலது கையால் சக்கரத்தைப் பிடித்து ஒவ்வொரு தையலாகத் தள்ளிவிட வேண்டும். அவளுடைய வலது கை மடியில் இருந்தபடியே ஏதோ சக்கரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நீ தள்ளித்தான் இந்த வண்டி வெண்கோட்டு மலை ஏறணுமாக்கும். ஏறிவிடும். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அடிவாரத்தில் அந்தக் கறுத்த எஞ்சினைப் பார்த்தபோதே தெரிந்தது, இது புலம்பிக்கொண்டே வேலையை முடிக்கிற ஜாதி என்று. வளைவு வரும்போது எஞ்சின் முழுசாகக் கண்ணுக்குத் தெரியும். அதன் நெற்றிக்குக் கீழே படியில் உட்கார்ந்திருக்கிற ஆள் வாளியிலிருந்து மணலை அள்ளி அள்ளித் தண்டவாளத்தில் போடுவது தெரியும். ராத்திரி பெய்த மழையில் தண்டவாளம் வழுக்குகிறதாம். மணல் போட்டால் பிடிக்கும். ஜன்னலுக்குக் கீழே பள்ளம். மரங்களின் தலை மட்டும் தெரிகிற பள்ளம். அவள் தலையை வெளியே நீட்டி அதை நன்றாகவே பார்த்தாள். பார்த்தால் என்ன, அது அங்கே இருக்கிறது, நாம் இங்கே இருக்கிறோம். வேறு ஒன்றுதான் அவளுக்குப் பயம். அது பள்ளத்தில் இல்லை, மடியில் கிடந்த கைப்பையில் இருந்தது.

எதிர் பெஞ்சில் பிலவேந்திரன் துண்டைக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலில் பதித்து, நேராக உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வருஷமாக விசைப்படகு ஓட்டின மனுஷன். தூத்துக்குடியில் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பதைத் தோலில் பட்டதை வைத்தே சொல்லிவிடுவார். இங்கே வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. கரித்தூள் விழுந்து மூக்கு நுனியில் ஒரு கறுப்பு. துடைத்துவிடலாம், கை நீட்டினால் எட்டும். கை எழுந்து, பக்கத்தில் ஆள் இருக்கிறதை நினைத்து, மறுபடியும் பையின் மேல் போய் உட்கார்ந்தது. கல்யாணமாகி இன்னும் இரண்டு மாசம் நிறையவில்லை. அவளுக்கு ஐம்பத்து நாலு, அவருக்கு அதைவிட நாலு கூட. சாளைக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அவர்தான் ஆரம்பித்தார். "சந்தனம், மலை பாத்திருக்கியா நீ?" "படத்துல பாத்திருக்கேன்." "நானும் படத்துலதான் பாத்திருக்கேன். கடல்லயே கெடந்தாச்சு." முள்ளை எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்துவிட்டு, தலை நிமிராமல், "போவமா?" என்றார். போவமா. அந்த ஒரு சொல்லை அவள் அன்று முழுக்க வாயில் போட்டு வைத்திருந்தாள், கற்கண்டு மாதிரி. கேட்கிற தொனி அது. வாழ்க்கையில் அவளிடம் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள், ஏவியிருக்கிறார்கள், கெஞ்சிக்கூட இருக்கிறார்கள். பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மை மாசத்தில் வெள்ளைக் கவுன் தைக்கச் சொல்லி வாசலில் வந்து நிற்கிற அம்மாமார் எல்லாரும் கெஞ்சுகிறவர்கள்தான். போவமா என்று யாரும் கேட்டதில்லை. இந்த மாதிரிப் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போவதற்கு ஒரு பெயர் இருக்கிறது. சின்னஞ்சிறுசுகளுக்கு உள்ள பெயர். அதை அவள் மனசுக்குள்ளேகூடச் சொல்லிப் பார்க்கவில்லை. வெளியே சொன்னது வேறு பெயர்.

வேளாங்கண்ணி. அதுதான் சொன்னது. "வேளாங்கண்ணிக்குப் போய்ட்டு வாரோம்" என்று மகன் கில்பர்ட்டிடம் சொன்னபோது அது பாட்டுக்கு வாயிலிருந்து வந்து விழுந்தது, யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை. அவன் நல்ல பிள்ளை. கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலை. "நல்லதும்மா, துணைக்கு அவரும் கூட இருக்காரே" என்றான். துணை. எஞ்சின் இழுக்கிறது, துணை, விடுகிறது, துணை. கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பதற்கு முன்னால் சாமியாரிடம் போய் அவன் சொன்னதும் அதுதான், "அம்மாவுக்கு வயசான காலத்துல ஒரு துணை வேணும் ஃபாதர்." தெருவில் கேட்டவர்களுக்கும் அதே பதில். மாத்திரை எடுத்துக் கொடுக்க, கரண்டு போனால் மெழுகுதிரி பொருத்த, காய்ச்சல் வந்தால் ஆட்டோ கூப்பிட. எல்லாரும் தலையை ஆட்டி, பாவம், சரிதான், துணை வேணும்ல என்றார்கள். அவளும் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் இப்போது கழுத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறது. சரி, அதோடு போயிற்றா? கிளம்புகிற அன்று காலையில் மருமகள் ஷைனி வந்தாள். கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. கைக்குட்டையில் சுற்றி ஒரு சின்ன மரத்தொட்டில் கொண்டுவந்தாள், விரல் நீளம்கூட இருக்காது. "மாதா கோயில்ல கட்டிட்டு வாங்க அத்த. நீங்க கட்டுனா நடக்கும்" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஏட்டி, நாங்க அங்க போகலட்டி என்று. சொல்லவில்லை. வாங்கிப் பைக்குள் வைத்தாள். அந்தத் தொட்டில் இப்போது பைக்குள் செல்போனுக்குப் பக்கத்தில் கிடந்து, பெட்டி குலுங்கும்போதெல்லாம் அதில் இடித்து இடித்து, டக் டக் என்றது. மாதாவே, உமக்கு மலை என்ன, கடல் என்ன. அதெல்லாம் மாதாவுக்குத் தெரியும். மாதாவிடம் அவளுக்கு ஒரு பயமும் இல்லை. நாலு வருஷமாக மாசாமாசம் முகம் வாடுகிற ஒரு பெண்ணின் நம்பிக்கையைப் பைக்குள் போட்டுக்கொண்டு நான் மலை பார்க்க வந்திருக்கிறேன். இதுதான் சுற்றிச் சுற்றி வருகிறது. வளைவு திரும்பினால் அதே பாறை மறுபடி வருகிற மாதிரி. அதே பாறையா அது? இல்லை, வேறு பாறை. இதில் வெள்ளையாகச் சின்னப் பூ இருக்கிறது.

"ஏனுங்க்கா, கொழந்தைங்க யாரும் கூட வரலீங்ளா?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஈரோட்டு அம்மாள் முறுக்குப் பொட்டலத்தை நீட்டினாள். பெயர் சுலோச்சனா என்று வண்டி கிளம்பும்போதே சொல்லியிருந்தாள். அவளுடைய வீட்டுக்காரரும் பிள்ளைகளும் அடுத்த பெட்டியில். இங்கே ஜன்னல் கிடைத்ததென்று வந்துவிட்டாளாம். நெற்றி நிறையக் குங்குமம், மடி நிறையத் தின்பண்டம். "மவனுக்கு வேலை இருக்கு" என்றாள் சந்தனமரியாள். "அதானுங்க, இந்தக் காலத்துல ஆருக்கு நேரமிருக்குது. நீங்க ரெண்டு பேரும் சேந்து வந்தீங்க பாருங்க, அதே பெருசு. கண்ணாலமாயி எத்தன வருசமாச்சுங்க?" வண்டி அப்போதென்று பார்த்து இழுப்பை விட்டிருந்தது. அந்தச் சும்மாவுக்குள் கேள்வி தொங்கியது. ரெண்டு மாசம் என்று சொன்னால் முறுக்கு அப்படியே வாயில் நிற்கும். அவள் வாயைத் திறப்பதற்குள் எதிரிலிருந்து பிலவேந்திரன், "ஆச்சு, முப்பது வருசம்" என்றார். காலையிலிருந்து அவர் பேசின முதல் பேச்சு. சுலோச்சனா சந்தோஷமாகக் கையைத் தட்டினாள். "நெனச்சனுங்க. ரெண்டு பேரும் ஒரு வார்த்தையும் பேசாம உக்காந்துட்டு வர்றப்பவே நெனச்சன், இது பழைய சோடின்னு." எஞ்சின் செருமியது, பெட்டி இடித்தது.

முப்பது வருசம். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார். அவளைப் பார்க்கவே இல்லை, பள்ளத்தின் பக்கமும் பார்க்காமல் பெட்டிக் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்காகச் சொன்னது அது. நான் வெட்கப்படுவேன் என்று அவர் முந்திக்கொண்டார். அதில்தான் அவளுக்கு வலித்தது, முறுக்கைக் கடித்துக்கொண்டே யோசித்தாள், எங்கே வலிக்கிறது என்று. மகனிடம் நான் பொய் சொன்னதை இவர் பக்கத்திலிருந்து கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை, பெட்டியில் துணியை அடுக்கினார். நான் வெட்கப்படுகிற விஷயம் தான்தான் என்று எடுத்துக்கொண்டிருப்பாரோ. அப்படி இல்லை. கர்த்தரே, அப்படி இல்லவே இல்லை. பெண்டாட்டியை இழந்தவர், தன் பேத்தியின் புதுநன்மைக் கவுனுக்கு அளவு கொடுக்கத்தான் முதலில் வந்தார். பிறகு லேஸ் போதுமா என்று கேட்க வந்தார். கை நீளம் சரிதானா என்று கேட்க வந்தார். பிள்ளை வளர்ந்துவிட்டாளோ என்று சந்தேகமாக இருக்கிறது என்று வந்தார். கவுன் தைத்து வாங்கிப் போய், பூசையும் முடிந்த பிறகு ஒருநாள் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார், பட்டன் அறுந்துவிட்டதாம், வரிசையாக நாலு பட்டன். சட்டையைக் கையில் வாங்கினதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அறுந்த நூல் பிசிறும். இது பிளேடு வைத்து வெட்டின நூல், நுனி அப்படியே நறுக்கென்று நிற்கிறது. தையல்காரியிடமா. அவள் ஒன்றும் சொல்லாமல் நாலு பட்டனையும் தைத்தாள், ஒவ்வொன்றுக்கும் தேவைக்கு மேலே நூல் சுற்றி, இனி இவர் வெட்டினாலும் லேசில் வராத மாதிரி. தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தபோது அவளுடைய காது சுட்டது. அந்த வயதில் காது சுடும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. இதை எப்படித் துணை என்பது? முதல் புருஷன் மிக்கேல் மஞ்சக்காமாலையில் போனபோது அவளுக்கு முப்பத்தொன்று. நல்ல மனுஷன், சத்தம் போட்டு ஒரு நாள் பேசினதில்லை. அவர் குரல் எப்படி இருக்கும்? அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். வரவில்லை. முகம் வருகிறது, சாப்பிடுகிற மாதிரி வருகிறது, குரல் வரமாட்டேன் என்கிறது. முன்பெல்லாம் இது வராதபோது அவளுக்குக் குற்றம் செய்த மாதிரி இருக்கும், நாலு நாள் சரியாகச் சாப்பிட மாட்டாள். இப்போது அது வரவில்லை, அவ்வளவுதான். அவரை மறக்கவில்லை, அவருக்குத் துரோகம் இல்லை. அதற்குப் பிறகு இருபத்துமூன்று வருஷம் கில்பர்ட் அம்மா என்று ஒரு பெயரோடு இருந்தாயிற்று. நல்ல பெயர்தான். ஆனால் சந்தனம் என்று கூப்பிட ஒரு ஆள் வந்தபோதுதான் அந்தப் பெயர் இத்தனை நாளும் மடித்துப் பெட்டிக்குள் வைத்த பட்டுச்சேலை மாதிரி இருந்திருக்கிறது என்று தெரிந்தது. கசங்கியிருக்கிறது, ஆனால் இற்றுப்போகவில்லை. உடுத்தலாம்.

திடீரென்று முன்னால் எஞ்சினின் சத்தம் மாறியது. இழுத்து இழுத்துப் போய்க்கொண்டிருந்தது கடகடவென்று வெறும் ஓட்டமாக ஓடியது. பெல்ட்டு கழன்ற மிஷினின் மிதி இப்படித்தான் காலுக்குக் கீழே கனமில்லாமல் ஓடும், அவளுக்கு உடனே புரிந்துவிட்டது, சக்கரம் சுற்றுகிறது, வண்டி போகவில்லை. புகை ஜன்னல் வழியாகக் கறுப்பாக உள்ளே வந்தது. அப்புறம் அந்தப் பாறை, வெள்ளைப் பூ பூத்த பாறை, பின்னால் போக வேண்டியது, முன்னால் வந்தது. வண்டி கீழே இறங்குகிறது. ஒரு பிள்ளை வீரிட்டது. சுலோச்சனா "முருகா, முருகா" என்றாள். சந்தனமரியாள் பெஞ்சைப் பிடிப்பதற்குள் கீச்சென்று பிரேக் பிடித்து, பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டி, எல்லாம் நின்றது. நின்றதும் எவ்வளவு அமைதி. எங்கேயோ தண்ணீர் சொட்டுகிறது. ஒரு பறவை. அவளுடைய கையை யாரோ நொறுக்குவது போலப் பிடித்திருந்தார்கள். பிலவேந்திரன். எதிர் பெஞ்சின் விளிம்புக்கு வந்து, அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகம் வெளிறி, உதடு காய்ந்து உட்கார்ந்திருந்தார். "சந்தனம்" என்றார் மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கீழ தண்ணி இல்ல." "என்னது?" "தண்ணி இருந்தா எனக்குப் பயம் இல்ல. எவ்வளவு ஆழம்னாலும் நீந்திருவேன். இது வெறும் காத்துல்லா." அவளுக்கு அவரை அப்படியே மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. காலையிலிருந்து பேசாமல் வந்தது இதுதானா. பயத்திலா அந்த முப்பது வருஷப் பேச்சும் வந்தது? இல்லை, அது எனக்காக வந்ததுதான். பயத்துக்கு நடுவிலும் எனக்காக வந்தது. "ஏறிரும்" என்றாள் அவள். "இது ஏறிரும். நான் இருக்கேன்ல." சொல்லிவிட்டு அந்த வார்த்தையை அவளே கேட்டாள். துணைக்கு யார் வந்தது, யாருக்கு?

கார்டு ஒவ்வொரு பெட்டியாக வந்து சொன்னார். "ஒண்ணும் பயம் இல்ல, ஸ்டீம் கொறைஞ்சிடுச்சு. தண்ணி பிடிச்சு, கரி போட்டு, ஸ்டீம் ஏறினதும் கிளம்பிடலாம். இறங்கி நிக்கிறவங்க மலைப் பக்கமா நில்லுங்க. பள்ளத்துப் பக்கம் போய் செல்ஃபி எடுக்காதீங்க." எல்லாரும் இறங்கினார்கள். பிலவேந்திரன் தரையில் கால் வைத்து, பாறையில் ஒரு கையை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக மனுஷ நிறத்துக்கு வந்தார். சந்தனமரியாள் எஞ்சின் வரைக்கும் நடந்து போய்ப் பார்த்தாள். பக்கத்தில் போனால் சூடு முகத்தில் அடித்தது, அடுப்பங்கரைச் சூடு இல்லை, இஸ்திரிப் பெட்டிச் சூடு. ஈரமும் எண்ணெயும் கரியும் கலந்த வாடை. உள்ளே ஒருவன் மண்வெட்டி மண்வெட்டியாகக் கரியை வாரிப் போட்டுக்கொண்டிருந்தான். எஞ்சின் நின்ற இடத்திலேயே இரைத்துக்கொண்டிருந்தது. நிற்பது தோற்பது இல்லை என்று அவளுக்குப் பட்டது, பட்டதும் அதைத் தள்ளிவிட்டாள், அதெல்லாம் சாமியார் பிரசங்கத்தில் சொல்கிற பேச்சு. உண்மை என்னவென்றால் அதற்குச் சூடு போதவில்லை, சூடு ஏற்றுகிறார்கள். அவ்வளவுதான். மேகம் ஒன்று தண்டவாளத்தின் மேலேயே நடந்து வந்தது, ஆட்களை ஒவ்வொருவராக அழித்துக்கொண்டு. இருபதடி தள்ளி நின்ற பிலவேந்திரன் துண்டு மட்டுமாகத் தெரிந்தார், பிறகு அதுவும் இல்லை, பிறகு முழுசாக மறுபடியும் இருந்தார். அப்போதுதான் பைக்குள் போன் அடித்தது. அடிவாரத்துக்கு வந்ததிலிருந்து இரண்டு நாளாகச் செத்துக் கிடந்த போன். இந்த வளைவில் மட்டும் எங்கிருந்தோ சிக்னல் வந்திருக்கிறது. கில்பர்ட்.

எடுக்காமலும் இருக்கலாம். மலை, மேகம், சிக்னல் இல்லை, யார் கேட்கப் போகிறார்கள்? அடித்து ஓயும். அவள் எடுத்தாள். "எம்மா, எங்க இருக்க நீ? ரெண்டு நாளா அடிக்கேன், கெடைக்கவே இல்ல." "டவர் இல்லலே." "ஷைனி கேக்கச் சொன்னா. தொட்டில் கட்டியாச்சா?" கட்டியாச்சு என்று ஒரு சொல். அதைச் சொன்னால் முடிந்தது. அடுத்த வாரம் போய்க் கட்டிவிட்டால் பொய்யும் உண்மையாகிவிடும், மாதாவும் ஒத்துக்கொள்வாள். கட்டியாச்சு, நாக்கு நுனியில் இருக்கிறது. நாக்கு நுனியில் கரியும் இருக்கிறது, நரநரவென்று. சுலோச்சனா பாறையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிலவேந்திரன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார், அவள் மகனிடம் தாராளமாகப் பொய் சொல்லட்டும் என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த முதுகு. காலர் மடிந்து கிடக்கிறது. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே சந்தனமரியாள், "இல்லலே. கட்டல" என்றாள். "ஏன், கூட்டமா?" "நாங்க வேளாங்கண்ணியில இல்ல." "பொறவு?" "மலைக்கு வந்திருக்கோம். ரயிலு ஏற மாட்டாம நிக்கி, எறங்கி நிக்கோம்." "மலையில என்ன கோயிலு?" "கோயிலு இல்லலே." ஒரு மூச்சு எடுத்தாள். குளிர்ந்த காற்று நெஞ்சுவரைக்கும் போனது. "ஹனிமூன் வந்திருக்கோம்."

சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தாள், இருந்தது. "எம்மா" என்றான் கடைசியில், குரலைத் தாழ்த்தி, அவன்தான் ஏதோ தப்பு செய்த மாதிரி, "மெதுவா பேசு. பக்கத்துல ஆளு இருக்கப் போவுது." "இருக்காங்க. கார்டு இருக்காரு, ஈரோட்டு அம்மா ஒருத்தங்க இருக்காங்க, கேட்டுக்கிட்டுத்தான் நிக்காங்க." சுலோச்சனா அவசரமாக முறுக்கை எடுத்து வாயில் போட்டாள். "கில்பர்ட்டு, நீ துணை துணைன்னு எல்லார்ட்டயும் சொன்ன. நான் கேட்டுட்டு சும்மா இருந்தேன். அது பொய்யில்ல. ஆனா அதுக்காவ நான் கட்டிக்கிடல. எனக்கு அவரப் புடிச்சிருக்கு, கட்டிக்கிட்டேன். இத உன்ட்ட முன்னாலயே சொல்லியிருக்கணும். ஷைனிக்கு நான் செஞ்சது தப்பு, தொட்டில் என் பைக்குள்ளதான் பத்திரமா இருக்கு. அடுத்த வாரம் நாங்க ரெண்டு பேருமா போயி கட்டுவோம். அவகிட்ட நானே சொல்லுதேன்." எஞ்சினிலிருந்து வெள்ளையாக ஆவி சீறியது. பிறகு அவன் சொன்னான், சின்ன வயதில் அடம் பிடிக்கும்போது வருமே, அந்தக் குரலில், "அப்பா படத்துக்குப் பூ போட்டுட்டுத்தான் போனியா?" அது போய்த் தைத்தது. தைக்க வேண்டும் என்றே சொன்னதுதான். தைக்கட்டும். "போட்டுட்டுத்தான் வந்தேன். நாங்க சேந்து குடிவந்த அன்னைக்கு அந்தப் படத்த மாட்ட ஆணி அடிச்சது யாருன்னு நெனைக்க? அவருதான். கோணலா இருக்குன்னு ரெண்டு தரம் புடுங்கிப் புடுங்கி அடிச்சாரு." கில்பர்ட் "வைக்கேன்" என்றான். வைத்துவிட்டான்.

அவள் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். இனி நடுக்கம் வரும் என்று காத்திருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, வந்துவிட்டுப் போகட்டும், பெற்ற பிள்ளை. கோபம் எத்தனை நாள் இருக்கும்? ஒரு மாசம்? கிறிஸ்மஸ் வரைக்கும்? அதற்கு மேல் அவனால் இழுக்க முடியாது, அவள் வளர்த்த பிள்ளை, அவளுக்குத் தெரியாதா. இழுத்தாலும் அவள் போய் நிற்பாள், கதவைத் தட்டுவாள், உள்ளே போய் உட்கார்ந்து காப்பி கேட்பாள். பொய்யைச் சுமந்துகொண்டு போகாமல் வெறுங்கையோடு போவாள். நடுக்கம் வரவில்லை. பசித்தது. கார்டு விசில் ஊதினார், எல்லாரும் ஏறினார்கள். சந்தனமரியாள் எதிர் பெஞ்சில் பிலவேந்திரனின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து, அவர் மூக்கு நுனியைத் துடைத்தாள். "யாரு, மவனா?" என்றார் அவர், காதில் விழாத மாதிரி. "ம்." "என்ன சொன்னான்?" "கோவப்படுதான்." "நீ என்ன சொன்ன?" "நீங்க கேக்கலியோ? ஹனிமூன் வந்திருக்கோம்னேன்." பிலவேந்திரனின் முகத்தில், வெயிலிலும் உப்பிலும் கறுத்த அந்த முகத்தில், கழுத்திலிருந்து என்னவோ ஏறியது. காது மடல் இரண்டும் கன்றிப் போயின. "அவன்ட்டயா? அப்படியேவா சொன்ன?" "ஏன், பொய்யா?" அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். சுலோச்சனாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்ண்ணா, முப்பது வருசம்னீங்க?" "முப்பது வருசம் ஆகும்ங்க" என்றாள் சந்தனமரியாள், "ஆகிறதுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு." சுலோச்சனா சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பெட்டியிலிருந்து அவளுடைய வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். எஞ்சின் செருமியது. சக்கரம் ஒரு தரம் வழுக்கியது, மணல் நரநரத்தது, பிடித்துக்கொண்டது. பாறை பின்னால் போனது. பிலவேந்திரன் துண்டை எடுத்தபோது வண்டி நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. அவளுடைய முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் பள்ளத்தைப் பார்த்தார், பயந்துகொண்டு வந்தாரே, அதே பள்ளத்தை, வைத்த கண் வாங்காமல். அவள் அவரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். காலரைச் சரி பண்ணினாள். ஈரோட்டுக்காரி பார்க்கிறாள், பார்க்கட்டும். மலையிறங்கும்போது இதே பாறையைப் பார்க்கலாம். பார்க்காவிட்டாலும் என்ன.

மேலே ஸ்டேஷனில் இறங்கினபோது போனில் மறுபடியும் சிக்னல் வந்தது, அது வந்ததும் ஷைனியின் அழைப்பும் வந்தது. சந்தனமரியாள் பிளாட்பாரத்தின் ஓரத்துக்குப் போய், முதுகை நிமிர்த்திக்கொண்டு எடுத்தாள். இந்தப் பெண் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். "ஏட்டி ஷைனி, தப்பு என் பேர்லதான், தொட்டில நான்" என்று ஆரம்பித்தாள். "எல்லாம் சொன்னாரு அத்த" என்றாள் ஷைனி. குரல் கரகரவென்று இருந்தது, அழுதிருக்கிறாள். "எனக்குக் கஷ்டமாத்தான் இருந்திச்சு. ஏன்ட்டயாவது சொல்லியிருக்கலாம்ல நீங்க? நான் யார்ட்ட சொல்லப் போறேன்?" "சொல்லியிருக்கணும்ட்டி." இந்தச் சும்மாவில் சந்தனமரியாள் எந்தச் சக்கரத்தையும் தள்ளவில்லை, சும்மா காத்திருந்தாள். பிறகு ஷைனி குரலை ரகசியமாக்கினாள். "அவரு மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு மாடியில போயி உக்காந்திருக்காரு. உக்காரட்டும். நாலு வருசத்துல என்னய இவரு இங்க பக்கத்துல இருக்க மணப்பாட்டத் தாண்டி ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போனதில்ல அத்த. கேட்டா லீவு இல்லம்பாரு." மூக்கை உறிஞ்சினாள். "அந்த ரயிலுக்கு டிக்கெட்டு எப்படி எடுக்கணும்?" சந்தனமரியாளுக்குத் தெரியாது, எடுத்தது அவர். போனைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாள். "மருமவ. கேக்கா, பதில் சொல்லுங்க." பிலவேந்திரன் திடுக்கிட்டு, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, அந்த வீட்டுப் பிள்ளையோடு முதல் தடவையாகப் பேசினார். "ஆங், சொல்லும்மா... ஆமா, முன்கூட்டியே போடணும்... கம்பளி கட்டாயம் எடுத்துக்கிடுங்க... ஆமா, ஜன்னல் பக்கமாக் கேட்டு வாங்குங்க, நல்லாத் தெரியும்." கொஞ்சம் தயங்கினார். சந்தனமரியாள் இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, கடல்காரனின் பழைய கம்பீரத்தோடு சொன்னார்: "நடுவுல ஒரு எடத்துல நிக்கும். அதுக்கெல்லாம் பயப்படக் கூடாது, என்ன?"